தாடிக்காரன் சாவுக்கு நேர்ந்த கிடாய்

இந்தக் காலத்தில் யாரும் எதையும் முடிகிற வரைக்கும் இருந்து பார்ப்பதில்லை. கல்யாணத்துக்கு வருகிறவன், தாலி கட்டுவதற்கு முன்னாலேயே பந்தியில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறான். சாவு வீட்டுக்கு வருகிறவன் மாலையைப் போட்ட கையோடு வண்டியைத் திருப்புகிறான். தூக்குகிற வரைக்கும் நிற்க அவனுக்கு நேரமில்லை. போனில் பேசுகிறவன் ‘வைக்கட்டுமா’ என்று ஒரு வார்த்தை கேட்காமல் பொட்டென்று வைத்துவிடுகிறான். பஸ் நிற்பதற்குள் இறங்குகிறான். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். ஆனால் விட்ட அன்றைக்குக்கூட மணி அடித்த பிறகுதான் எழுந்து வந்தேன்.

பஸ் நிற்பதற்குள் இறங்கியது வேறு யாருமில்லை, என் தங்கச்சி அழகியின் வீட்டுக்காரர் வீரய்யா. எனக்கு மாப்பிள்ளை முறை, அறுபத்தாறு வயது. புதுக்கோட்டை பஸ் ஆலங்குடி ஸ்டாண்டுக்குள் திரும்பும்போதே காலேஜ் பையன் மாதிரி குதித்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் போய்விட்டது. மாவுக்கட்டுப் போட்டு, மூன்று மாதத்துக்குக் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

படுத்த மனுசர் சும்மா படுத்திருந்தால்தானே. பேன் வேகமாகச் சுற்றுகிறது என்பார், குறைத்தால் புழுங்குகிறது என்பார். தெருவில் யாராவது செருமினால் யாரது என்று கேட்பார். மருமகள் கலைமதி பொறுத்துப் பார்த்தாள். அவள் புருசன் அருள்மணி துபாயில் இருக்கிறான். கைப்பிள்ளையைப் பார்ப்பதா, மாமனாரைப் பார்ப்பதா என்று ஆகிப்போய், ஒரு நாள் தன் பழைய போனில் ஏதோ விளையாட்டைத் திறந்து அவர் கையில் கொடுத்துவிட்டாள். அன்றோடு அந்த வீட்டில் சத்தம் நின்றது.

அந்த விளையாட்டில் ஒரு மந்திரவாதி. அவனுக்கு வோர்மாக் என்று வெள்ளைக்காரப் பெயர். இடுப்பு வரைக்கும் தாடி, கையில் நீலக்கல் வைத்த ஒரு தடி. நான் தாடிக்காரன் என்றுதான் சொல்வேன். ஊரைக் கொளுத்துவது, பாலத்தை இடிப்பது, ராஜா வீட்டுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போவது, இதுதான் அவன் தொழில்.

“இதையெல்லாம் எதுக்குச் செய்றான் மாப்ள?” என்று கேட்டேன்.

“கெட்டவன் மச்சான்.”

“சரி, கெட்டவன். அதுல அவனுக்கு என்ன கெடைக்குது?”

மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை. ஒன்றும் கிடைக்காமல் இவ்வளவு உழைக்கிறவனை நான் நம்புவதில்லை.

முதல் பாகத்தில் மாப்பிள்ளை அவனை நெருப்புக் குழியில் தள்ளிக் கொன்றார். அழகி சந்தோசப்பட்டு, சரி, போனைக் கொடுங்கள் என்றாள். அப்போதுதான் கலைமதி, இதற்கு இரண்டாம் பாகம் இருக்கிறது மாமா என்று வாயை விட்டாள். திறந்தால், குழிக்குள் போனவன் தாடியில் ஒரு மயிர்கூடக் கருகாமல் சிரித்துக்கொண்டு நிற்கிறான். அந்தத் தடவை கோபுரத்தின் உச்சியிலிருந்து தள்ளிவிட்டார். மூன்றாம் பாகத்தில் வந்தான். கல்லுக்குள் வைத்துப் பூட்டினார், நாலாவதில் கல் உடைந்து வந்தான். தலையை வெட்டினார். ஐந்தாவதில் தலையோடு வந்தான்.

“வெட்டுன தலையை எவன் மச்சான் ஒட்டவச்சது?” என்று மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். கண் கலங்கியிருந்தது. “நான் என் கண்ணால பாத்தேன், உருண்டு படிக்கட்டு வழியா எறங்குச்சு.”

“மாப்ள, ஒங்களுக்குக் கால்தானே ஒடிஞ்சிச்சு?” என்றேன். மாப்பிள்ளை என்பதால் மரியாதை குறையாமல்தான் கேட்டேன்.

ஐந்தாவதிலும் ஒருவழியாகக் கொன்றார். ஆறாம் பாகத்தைத் திறந்து நாற்பது நாள் ஆகியும் தாடிக்காரன் சாகவில்லை. கட்டைப் பிரித்து, மாப்பிள்ளை கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்துவிட்டார். ஆனால் நடந்தது கட்டிலிலிருந்து சார்ஜர் வரைக்கும், சார்ஜரிலிருந்து கட்டில் வரைக்கும்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். என் முந்திரித் தோப்பில் காய்ந்த சுள்ளியைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரே கூச்சல்.

“செத்தான்! செத்தான்! செத்தே போனான்!”

தெருவே ஓடியது. இரண்டு பொம்பளைகள் தலையை அவிழ்த்துவிட்டுக்கொண்டே ஓடினார்கள். ஒருத்தி வாசலிலேயே “எம் மகராசா” என்று முதல் அடியை எடுத்துவிட்டாள். பொணத்தைக் கண்ணால் பார்க்காமல் சாவை நம்புகிற பழக்கம் எனக்கில்லை. அதனால் நிதானமாகத்தான் போனேன். போனால், மாப்பிள்ளை கட்டில் மேல் ஏறி ஒற்றைக் காலில் நின்று ஆடிக்கொண்டிருக்கிறார். வந்தவர்களுக்கு அழகி காபி கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

“கால் ஒடிஞ்ச அன்னைக்குக்கூட இப்படிக் கத்தலண்ணே,” என்றாள் என்னிடம்.

ஒப்பாரியை ஆரம்பித்தவள் காபியைக் குடித்துவிட்டு, செத்தவனுக்கு என்ன வயசு என்று விசாரித்தாள். ஐந்நூறு என்றார் மாப்பிள்ளை. “அப்பக் கல்யாணச் சாவுதான்,” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

எல்லோரும் போன பிறகுதான் விசயத்தைச் சொன்னார். “மச்சான், கோவிச்சுக்கக்கூடாது. நாப்பது நாளா முடியலன்னு கருப்பர்கிட்ட நேந்துக்கிட்டேன். என் கையால அவன் செத்தா கெடா வெட்டுறேன்னு.”

“வெட்டுங்க. எந்தக் கெடா?”

அவர் என்னைப் பார்க்காமல் போனைப் பார்த்தார்.

அவர் வீட்டு வெள்ளாடு ஒன்றை நான் வாரத்துக்கு வளர்த்தேன். வாரம் என்றால், குட்டி போட்டால் ஆட்டுக்காரனுக்குப் பாதி, வளர்க்கிறவனுக்குப் பாதி. இரண்டு போட்டால் ஆளுக்கு ஒன்று. அது ஒன்றுதான் போட்டது, கரும் கிடாய்க்குட்டி. யார் பங்கு முன்னங்கால் பக்கம், யார் பங்கு பின்னங்கால் பக்கம் என்று பிரிக்காமலே இரண்டு வருசம் என் பட்டியில் வளர்ந்தது. பேரெல்லாம் வைக்கவில்லை. கூப்பிட ஏதாவது வேண்டுமே என்று கருவாயன் என்பேன். ஆட்டின் மேல் பாசம் வைக்கிற ஆள் நான் இல்லை. ஆனால் என் பதினோரு ஆட்டையும் பொழுது சாய்வதற்குள் தோப்பிலிருந்து பட்டிக்குக் கூட்டிவருவது அதுதான். என் முட்டிவலிக்கு அதுதான் வைத்தியம். என் வெற்றிலைப் பையில் அது எப்போது வாயை விட்டாலும் நான் அடிப்பதில்லை. அடித்தாலும் கேட்கப்போவதில்லை என்பதால்தான்.

“என் பாதியையும் சேத்தா நேந்தீங்க?”

“பாதிக் கெடாயை எப்படி மச்சான் நேர முடியும்?”

அதுவும் நியாயம்தான். அதற்காக விட்டுவிட முடியுமா? “மாப்ள, அஞ்சு தடவை செத்தவன் அவன். அஞ்சு தடவையும் எந்திரிச்சு வந்தான். ஆறாவது தடவை செத்தான்னு எதை வச்சுச் சொல்றீங்க?”

“இந்தத் தடவை சாம்பலாக்கிட்டேன்.”

“முன்னாடி தலையை வெட்டினீங்க.”

“மச்சான், நான் செத்தா வெட்டுறேன்னுதான் நேந்தேன். திரும்பி வரக்கூடாதுன்னு நேரல. செத்தான். கருப்பர் செஞ்சு குடுத்துட்டார். இனி அவர் வாங்கிக்கணும்.”

கலைமதியைக் கூப்பிட்டு, ஏழாம் பாகம் வருமா என்று கேட்டேன். “நான் மூணாவதோட விட்டுட்டேன் பெரியப்பா. ஆனா வரும்னுதான் பேசிக்கிறாங்க. விக்கிற வரைக்கும் விடமாட்டாங்கல்ல,” என்றாள்.

“கேட்டீங்களா?”

“வந்தா வரட்டும். அதுக்கு வேற கெடா நேந்துக்குறேன்,” என்றார் மாப்பிள்ளை. எனக்கு என் பட்டி முழுவதும் கண்ணுக்குள் வந்து போனது.

மனுசனோடு மல்லுக்கு நிற்கலாம். கருப்பருக்கு என்று வாயால் சொன்ன பிறகு கிடாயைப் பிடித்து வைத்துக்கொள்ள எனக்குத் தைரியமில்லை. வெள்ளிக்கிழமை என்று முடிவானது. வியாழக்கிழமை சாயங்காலம் கருவாயனைக் குளிப்பாட்டி, காதிலும் முதுகிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்த்தேன். சாமிக்குப் போகிற உருப்படி உண்ணியோடு போகக்கூடாது. கழுத்திலிருந்து வால் வரைக்கும் வேப்பெண்ணெய் போட்டு நன்றாகத் தேய்த்துவிட்டேன். கொஞ்சம் தாராளமாகவே தேய்த்தேன். ஒன்றிரண்டு உண்ணி இருந்திருக்கலாம்.

மறுநாள் காலையில் கண்மாய்க்கரைக் கருப்பர் கோயிலில் முப்பது பேர் கூடிவிட்டார்கள். கறிச்சோறு என்றால், எவன் செத்ததற்கு என்று யாரும் கேட்பதில்லை. அழகி அடுப்புக் கூட்டி, மசாலாவை வழித்து வைத்துவிட்டாள். கலைமதி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனைக் கையில் வைத்திருந்தாள். துபாயில் இருக்கிற அருள்மணிக்குக் காட்டவேண்டுமாம். மாப்பிள்ளை புது வேட்டியில், ஜெயித்த ராஜா மாதிரி கம்பை ஊன்றி நின்றார்.

எங்கள் பக்கத்தில் கிடாயைக் கேட்காமல் வெட்ட மாட்டார்கள். சாமி முன்னால் நிறுத்தி, மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரைத் தலையிலும் முதுகிலும் ஊற்றுவார்கள். கிடாய் உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். உதறாவிட்டால் அரிவாளை எடுக்கக்கூடாது.

ஒரு சொம்பு ஊற்றினார்கள். தண்ணீர் கருவாயன் முதுகில் வாழையிலையில் விழுந்த மாதிரி உருண்டு ஓடியது. அது மாலையிலிருந்து ஒரு பூவைக் கடித்து இழுத்து மென்றது.

இரண்டாவது சொம்பு. இரண்டாவது பூ.

“யாராச்சும் தப்புச் செஞ்சிருந்தா மன்னிப்புக் கேளுங்கப்பா,” என்றது கூட்டம். மாப்பிள்ளை கன்னத்தில் போட்டுக்கொண்டார். அழகி, நாலு நாள் முன்னால் மாமியார் படத்துக்கு விளக்கு வைக்க மறந்ததைச் சொல்லிப் போட்டுக்கொண்டாள். நானும் போட்டுக்கொண்டேன், பொதுவாக.

மூன்றாவது தடவை ஒரு குடத்தையே முழுசாகக் கவிழ்த்தார்கள். கிடாய் அசையவில்லை. மசாலாவின் மேல் ஈ உட்கார ஆரம்பித்துவிட்டது.

அப்போதுதான் ராமுவுக்குச் சாமி வந்தது. ராமு எங்கள் கோயிலுக்குச் சாமியாடி. மற்ற நாளில் ஆலங்குடியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். உடுக்குச் சத்தத்துக்குக் கால் நடுங்க ஆரம்பித்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, அரிவாள் மேல் கையை ஊன்றி “ஏய்ய்ய்!” என்றான். கூட்டம் ஒரு அடி பின்னால் போனது.

“சாமி, கெடா உதற மாட்டேங்குது. என்ன கொறைன்னு சொல்லணும்,” என்று மாப்பிள்ளை கும்பிட்டார்.

“பொய்க் கெடாடா!”

“சாமி, பொய் இல்ல சாமி. என் கையாலதான் கொன்னேன்.”

“செத்தானா? செத்ததைப் பாத்தியா?”

“சாம்பலானதைப் பாத்தேன் சாமி.”

“சாம்பலப் பாத்த. தடியப் பாத்தியாடா?”

மாப்பிள்ளை கம்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

“தடிய ஒடிக்காம தாடியக் கொளுத்துனா அவன் சாவானா? உசிரு அந்த நீலக்கல்லுலல்ல இருக்கு! பேரு ஓடுச்சே, வரிசையா ஓடுச்சே, அது ஓடி முடியிற வரைக்கும் உக்காந்து பாத்தியாடா?”

மாப்பிள்ளை முகம் வெளுத்துவிட்டது. “இல்ல சாமி... அவன் செத்த ஒடனே அமத்திட்டேன் சாமி. சந்தோசத்துல...”

“பாருடா!” என்றது சாமி, கலைமதி கையில் இருந்த போனைக் காட்டி. “இங்கனயே வச்சுப் பாரு!”

கருப்பர் சன்னிதியில் முப்பது பேர் ஒரு போனைச் சுற்றி நின்றோம். கலைமதி அந்தக் கடைசிச் சண்டை முடிந்த இடத்தை நெட்டில் தேடி எடுத்தாள். சினிமா முடிவில் வருகிற மாதிரி, வேலை செய்தவர்கள் பேர் பாட்டோடு ஓட ஆரம்பித்தது. அடேயப்பா, எத்தனை பேர். அந்தத் தாடியை மட்டும் வரைய ஒன்பது பேராம், கலைமதி படித்துச் சொன்னாள். ஒரு தாடிக்கு ஒன்பது ஆள் போட்டவர்கள் அவனை அவ்வளவு சுலபத்தில் சாகவிடுவார்களா என்று எனக்கு அப்போதே பட்டது. அதற்குள் இரண்டு பேர் நகர்ந்து பீடி பற்றவைக்கப் போய்விட்டார்கள். இந்தக் காலத்து ஆட்கள். சாமி மட்டும் அரிவாளை ஊன்றியபடி, மூச்சு வாங்கிக்கொண்டு, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் நின்றது.

பேர் முடிந்தது. திரை கறுப்பானது. மாப்பிள்ளை, பார்த்தீர்களா ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் சாம்பல் குவியல் ஒன்று தெரிந்தது. நடுவில் தடி நட்டுக்குத்தாக நிற்கிறது. நீலக்கல் மினுக்கென்று ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. சாம்பலுக்குள்ளிருந்து ஒரு கை வந்து தடியைப் பிடித்தது. அப்புறம் அந்தச் சிரிப்பு.

பொம்பளைகள் குலவை போட்டுவிட்டார்கள். எதற்கு என்று அவர்களுக்கே தெரியாது. மாப்பிள்ளை கம்பைப் போட்டுவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். “அப்பனே! இது ஒனக்குத் தெரிஞ்சிருக்கே அப்பனே!”

“கெடா என்னுதுதான்,” என்றது சாமி. “அவன் நெசமாச் சாகுற அன்னைக்கு இங்க கொண்டாந்து நிறுத்து. அதுவரைக்கும் இது மேல கத்தி படக்கூடாது. இந்தா, இவன் வளக்கட்டும்.” அரிவாள் நுனி என் பக்கம் திரும்பியது. நான் கருவாயனுக்குப் பின்னால் போய் நின்றேன். கயிற்றைப் பிடிக்கத்தான்.

சாமி ராமுவை விட்டு மலையேறியதும் கூட்டம் கறி இல்லாத சோற்றைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. அரைத்த மசாலா வீணாகக்கூடாது என்று அழகி நாலு கிலோ கத்தரிக்காய் வாங்கிவர ஆள் அனுப்பினாள். மாப்பிள்ளை கலைமதியிடம், ஏழாம் பாகம் என்றைக்கு வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். தடியை எப்படி ஒடிப்பது என்று இப்போதே யோசித்து வைக்கவேண்டுமாம்.

“அப்ப அது முடியிற வரைக்கும் கெடா இருக்குமா?” என்று அவளிடம் கேட்டேன்.

“எனக்குத் தெரிஞ்சு அது முடியாது பெரியப்பா. நல்லா ஓடுதுல்ல.”

நான் நேரே ராமுவிடம் போனேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தான்.

“ஏப்பா ராமு, அந்தத் தடி விசயம் ஒனக்கு எப்படித் தெரியும்?”

“எனக்கு என்ன பெரியப்பா தெரியும்? எறங்குன சாமி பேசுனது. நான் என்ன சொன்னேன்னே எனக்கு நெனப்பில்ல.”

“போன வாரம் ஒன் ஆட்டோவுல வந்தேன். சவாரி நிக்கிறது தெரியாம போனை நோண்டிக்கிட்டு இருந்த. அதுல நீலமா ஒண்ணு மினுங்குச்சு.”

“அது என் வீட்டுக்காரி பாக்குறது.”

“ஒன் வீட்டுக்காரியா ஆட்டோ ஓட்டுறா?”

ராமு சோடாவைக் கீழே வைத்தான். பிறகு என் இரண்டு கையையும் பிடித்து, திருநீறு பூசுகிறவன் மாதிரி முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரு மூச்சு இழுத்தான்.

“பெரியப்பா, ஒங்க கை ஏன் இந்த வேப்பெண்ணெ நாத்தம் நாறுதுன்னு நான் ஏதும் கேட்டேனா?”

“உண்ணிக்குப் போட்டது.”

“உண்ணிக்குத்தான் போடுவாக. எனக்குத் தெரியாதா,” என்று சொல்லிவிட்டு மறுபடி சோடாவை எடுத்துக்கொண்டான்.

நான் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

கருவாயனின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு கண்மாய்க்கரையில் நடந்தேன். பின்னால் மாப்பிள்ளை “மச்சான், சாப்ட்டுப் போங்க, கத்தரிக்கா வருது” என்று கூப்பிட்டார். கத்தரிக்காய்க்கு நிற்கிற ஆள் நான் இல்லை. போகிற வழியில் யோசித்துப் பார்த்தேன். பேசியது ராமு என்றால், ஊருக்கே கறிச்சோறு போடுகிற நாளில் அதைக் கெடுக்க அவன் ஏன் பேசவேண்டும்? அவனும் தின்ன வந்தவன்தானே. பேசியது கருப்பர் என்றால், அவர் எந்தப் போனில் பார்த்தார்? எண்ணெய்தான் காரணம் என்றால், போன பங்குனியில் எண்ணெய் தேய்த்த ஆடு எனக்கு எதிரிலேயே மழையில் உதறியதே? ஒன்றும் ஒத்துவரவில்லை. யாரையும் நம்புவதற்கில்லை. அந்தத் தாடிக்காரனை மட்டும் கொஞ்சம் நம்பலாம் போலிருக்கிறது, சொன்னால் சொன்னபடி திரும்பி வருகிறான்.

மதகு தாண்டியதும் கருவாயன் நின்றது. கயிற்றை இழுத்தேன், வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். தலையிலிருந்து வால் வரைக்கும், மாலை பிய்ந்து பறக்க, மஞ்சள் தண்ணீர் என் வேட்டியெல்லாம் தெறிக்க, சிலிர்த்து ஒரு உதறு உதறியது.

கோயில் பக்கம் பார்த்தேன். எல்லோரும் மறுபடி போனைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். ஒருத்தன் நிமிரவில்லை.

காதில் ஈ புகுந்திருக்கும். கருப்பருக்குச் சம்மதம் என்றால் கோயிலிலேயே சொல்லியிருப்பார், மதகு வரைக்கும் வந்து சொல்ல அவருக்கென்ன தலையெழுத்து. இருந்தாலும் நான் கயிற்றைக் கையில் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். கருவாயன் என் வெற்றிலைப் பைக்குள் வாயை விட்டது. அடிக்கவில்லை. திரும்பிப் பார்க்காமல், முட்டி விட்ட வேகத்தில் நடந்தேன்.